மூன்று விசில்

ஜூன் 1, சனி

காலையிலேயே ஸ்டோர்க்காரனோடு சண்டை. கையுறை கேட்டால் எழுதிக் கொடு என்கிறான். எழுதிக் கொடுத்தால் மேடம் கையெழுத்து எங்கே என்கிறான். மேடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் சாப்பிடப் போய்விட்டானாம். பத்தொன்பது வருடமாக இதே பேத்தாலஜி லேபில், இதே ஜன்னலோரம் உட்கார்ந்து சாயம் ஏற்றுகிறேன். என் நாத்தனார் ஊரெல்லாம், "பியூலா ஆஸ்பத்திரில கலர் அடிக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். போகட்டும்.

புதிதாக ஒரு கேஸ் வந்திருக்கிறது. உச்சிமாகாளி, வயது 58, பள்ளிக்கூட வேன் டிரைவர். கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டி. எங்கள் லேப் டாக்டர் வடிவு மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு லிம்போமா என்றார், நிணநீர்ப் புற்றுநோய். எந்த வகை என்பதுதான் கேள்வி. இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கலாமாம். ஒன்று சோம்பேறி, மருந்தே வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். மற்றது சாது மாதிரி இருந்துகொண்டே குடல், எலும்பு மஜ்ஜை என்று கிளம்பிவிடும். உடனே ஊசி மருந்து ஆரம்பிக்க வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாடை. பிரித்துச் சொல்வது சைக்ளின் டி1 என்ற ஒரே ஒரு ஆன்டிபாடி. துணைக்கு இன்னொன்று உண்டு. அது ஸ்டாக் இல்லை. கேட்டால் எழுதிக் கொடு என்பான்.

நாளை சர்ச் முடிந்து ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள். வீட்டுக் குக்கர் வெயிட்டைக் காணோம். எங்கே உருண்டதோ. ஸ்லைடு வேகவைக்கும் லேப் குக்கர் நாளைக்குச் சும்மாதானே கிடக்கும் என்று அதன் வெயிட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். புளி போட்டு இரண்டு தடவை தேய்த்தாயிற்று.

ஜூன் 3, திங்கள்

நேற்று பிரியாணி நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பாத்திரம் கழுவ யாரும் வரவில்லை. இரவு என் வீட்டுக்காரர் செல்வின் கேஸ் சிலிண்டரை நகர்த்தி வீட்டு வெயிட்டைக் கண்டுபிடித்து, பெரிய சாதனை போலக் கொண்டுவந்து காட்டினார். அவரே பாத்திரக் கூடையில் போட்டார்.

இன்று காலை அவருக்குப் பல் வலி. கன்னம் வீங்கி, பேச்சே வரவில்லை. பல் டாக்டரிடம் விட்டுவிட்டு, கூடையில் கிடந்த வெயிட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கால் மணி நேரம் லேட். வருகைப் பதிவில் சிவப்புக் கோடு.

கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஜூன் 5, புதன்

உச்சிமாகாளி ஸ்லைடுகளைப் போட்டேன். ஃபார்மலினில் ஊறி இறுகிப்போன சதைக்குள் ஆன்டிபாடி நுழைய வேண்டுமானால் முதலில் அதை வேகவைக்க வேண்டும். இதற்கென்றே மெஷின் இருக்கிறதாம், பெரிய ஊர்களில். எங்களுக்குச் சாதாரணக் குக்கர். உள்ளே உப்புக் கரைசல், கரைசலுக்குள் ஸ்லைடுகள், மூன்று விசில், இறக்கி ஆறவைத்தல். பத்தொன்பது வருடமாக மூன்று விசில்தான்.

மற்ற ஆன்டிபாடிகள் எல்லாம் வந்தன. அவை முரட்டு ஜாதி, எப்படி வேகவைத்தாலும் வரும். சைக்ளின் வரவில்லை. பழுப்பே இல்லை, ஸ்லைடு முழுக்க வெறும் நீலம்.

அதே ஸ்லைடில் நோயாளியின் துண்டுக்குப் பக்கத்தில் கண்ட்ரோல் துண்டு ஒன்றையும் ஒட்டுவோம். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த இரண்டாவது வகை என்று உறுதியான ஒருவருடைய சதை. அது பழுப்பாக வந்தால் சாயம் வேலை செய்தது என்று அர்த்தம். அப்போதுதான் நோயாளியின் துண்டு சொல்வதை நம்பலாம். இன்று அதுவும் வெளிறிக் கிடந்தது.

ஸ்லைடுக்குத் துண்டு வெட்டித் தரும் பாண்டியண்ணனிடம் போய், தடிமனாக வெட்டியிருக்கிறீர்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் வெட்டுனது மூணு மைக்ரான். வேணும்னா அளந்து பாரு. ஒன் சாயம் வரலன்னா என் கத்தியக் கொற சொல்லாத."

இருபத்தாறு வருடமாகச் சதை வெட்டுகிறாராம். இருக்கட்டுமே, அதனால் தப்பே நடக்காதா?

ஜூன் 6, வியாழன்

மறுபடி. மறுபடியும் நீலம். கரைசலைப் புதிதாகக் கலக்கினேன். பிஹெச் பார்த்தேன். ஆன்டிபாடியைக் கூடுதல் நேரம் வைத்தேன். ஆன்டிபாடி விற்கும் கம்பெனி ஆளுக்கு நான்கு தடவை போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறானாம். எப்போது பார்த்தாலும் மீட்டிங்.

வீட்டில் சாதம் களியாகிவிட்டது. புது அரிசி போலிருக்கிறது. பல் பிடுங்கிய மனுஷருக்கு வசதிதான், மூன்று கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 8, சனி

உச்சிமாகாளி ஜன்னலுக்கு வந்துவிட்டார். கட்டை குட்டையான ஆள், காக்கிச் சட்டை, பையில் சீப்பு. கழுத்தில் பிளாஸ்திரி.

"யம்மா, கட்டிய வெட்டி எடுத்துப் பன்னெண்டு நாளாச்சு. அதுக்குள்ள பொண்ணு பாத்துக் கல்யாணமே முடிச்சிருவாவ. அப்படி என்னதாம்மா செய்யுதிய?"

எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் கேட்ட விதத்தில் சிரிப்பும் வந்தது.

"ஒங்க வேன்ல எத்தன பிள்ளைய அண்ணாச்சி?"

"இருவத்திரெண்டு."

"எல்லாம் ஒரே யூனிபார்ம். தூங்கிட்டு வாற பிள்ளைய எந்த வீட்டுலன்னு இறக்குவிய?"

"மூஞ்சி தெரியாதா? இல்லன்னா கழுத்துல கார்டு கெடக்கு."

"அதேதான். ஒங்க கட்டில இருக்க செல்லெல்லாம் ஒரே யூனிபார்ம், ஒரே மூஞ்சி. கார்டப் பாக்கத்தான் இந்த மருந்து. ஒரு மருந்து ஒரே ஒரு கார்டுலதான் போய் ஒட்டும். ஒட்டுன எடம் காப்பி கலர்ல தெரியும்."

"அப்போ எனக்கு அது ஒட்டணுமா, ஒட்டக் கூடாதா?"

"ஒட்டாம இருந்தா நல்லது."

"அப்போ ஒட்டாது" என்றார். "திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்கு. வேற டிரைவர் போட்டாம்னா பிள்ளைய அழும்மா. சின்னது ஒண்ணு என் மடியில உக்காந்தாத்தான் வண்டியில ஏறும்."

ஜூன் 10, திங்கள்

நான்காவது தடவை. எளவு.

ஜூன் 11, செவ்வாய்

வடிவு மேடத்துக்கு இன்று அறுபது ஸ்லைடு, மதியம் கல்லூரிக் கமிட்டி வேறு. உள்ளே கூப்பிட்டார்.

"உச்சிமாகாளிக்கு சைக்ளின் நெகட்டிவா பியூலா?"

"நெகட்டிவ் மேடம்."

"கண்ட்ரோல் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

பதிவேட்டில் கண்ட்ரோல் கட்டத்தில் டிக் போட்டேன். கண்ட்ரோல் சதையை வைத்திருக்கும் அந்தப் பழைய மெழுகு பிளாக் தேய்ந்து இத்துனூண்டு இருக்கிறது, அதற்கும் வயதாகிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் நிறம் இருந்தது. இருந்தது.

சோம்பேறி வகை என்று மாலையே ரிப்போர்ட் போய்விட்டது. அப்பாடா.

ஜூன் 14, வெள்ளி

உச்சிமாகாளி கருப்பட்டி மிட்டாய் பொட்டலத்தோடு வந்தார். புற்றுநோய்ப் பிரிவு டாக்டர், இப்போதைக்கு மருந்து வேண்டாம், செப்டம்பரில் வா என்று சொல்லிவிட்டாராம். "நான் சொன்னேம்லா, ஒட்டாதுன்னு" என்று லேபில் இருக்கும் எல்லோருக்கும் கொடுத்தார். பாண்டியண்ணனுக்கும்.

மிட்டாய் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. வெயில்.

ஜூன் 19, புதன்

சைக்ளின் மட்டுமில்லை, இன்னும் இரண்டு மூன்று ஆன்டிபாடிகள் மங்கலாக வருகின்றன. மேடம் முகத்தைச் சுளிக்கிறார். பத்தொன்பது வருடத்தில் என் ஸ்லைடைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததில்லை. சதையை ஃபார்மலினில் சரியாக ஊறவைக்கவில்லை, துண்டும் தடிமன் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். இரண்டுமே பாண்டியண்ணன் வேலை. வாயால் சொன்னால் இங்கே யாருக்கும் காது கேட்பதில்லை.

ஜூன் 21, வெள்ளி

பாண்டியண்ணனுக்கு மெமோ. என்னைத் தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். மதியம் அவர் டீ எனக்கு வரவில்லை. பதினைந்து வருடமாக அவர் வீட்டு பிளாஸ்க் டீதான் குடிக்கிறேன்.

ஜூன் 22, சனி

கம்பெனி ஆள் ஒருவழியாக வந்தான். டை கட்டியிருக்கிறான். தண்ணீர் சரியில்லை என்றான். தண்ணீரை மாற்றினோம். அறை வெப்பம் என்றான். ஏசியைக் கூட்டினோம். கடைசியில் புது பாட்டில் கொடுத்தான். "நீங்க செய்யிற முறைய ஒருக்கா காட்டுங்க மேடம்" என்று கேட்டதற்கு, "நீ பொறக்குமுன்னே செய்யுதேன்" என்றேன். டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டான்.

ஜூன் 25, செவ்வாய்

புது பாட்டிலிலும் நீலம். பாத்ரூமில் போய் அழுதேன். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு செட் போட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று மதியம் சாப்பாட்டில் செல்வின் கரண்டியைக் கவிழ்த்துக் காட்டினார். சாதம் விழவில்லை.

"ஏ பியூலா, எனக்குப் பல்லு ஆறி ரெண்டு வாரமாச்சு. இன்னும் எத்தன நாளைக்குக் கஞ்சி ஊத்துவ?"

"புது அரிசி, நான் என்ன செய்ய?"

"எந்தப் புது அரிசி? சித்திரையில வாங்குன மூடைதான இன்னும் ஓடுது."

கையைக் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அதே மூடை. அதே தண்ணீர். அதே மூன்று விசில். என்று ஆரம்பித்தது இந்தக் களி? வியாழக்கிழமை எழுதியிருந்தேனே என்று இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூன் ஆறு. அதற்கு முந்தைய பக்கம், ஜூன் மூன்று, என் கையெழுத்திலேயே இருக்கிறது. கூடையில் கிடந்த வெயிட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடையில் கிடந்தவை இரண்டு.

அடுப்பில் வெறும் தண்ணீர் வைத்துக் குக்கரை மூடினேன். முதல் விசில் வர அவ்வளவு நேரம். வெயிட்டைத் துணியால் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். இரண்டு வெயிட்டையும் தராசில் வைத்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோனது லேபினுடையது. ஒரு மாதமாக லேப் குக்கரில் உட்கார்ந்திருந்தது எங்கள் வீட்டுடையது. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டுடையது இருபது கிராம் குறைவு. எடை குறைந்த வெயிட், சூடு போதுமான அளவு ஏறுமுன்பே விசிலடித்துவிடும். நான் விசிலை எண்ணினேன். சதை வேகவில்லை.

மேடம் மேசையில் இரண்டையும் வைத்தேன்.

"என்ன பியூலா இது?"

"இது லேப் வெயிட். இது எங்க வீட்டு வெயிட். ஒரு மாசமா மாறிக் கெடந்திருக்கு மேடம்."

"லேப் வெயிட் உங்க வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

சொன்னேன். பிரியாணியையும் சேர்த்துத்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "முதல்ல உச்சிமாகாளி பிளாக்கை எடுங்க. உங்களைத் திட்ட அப்புறம் நேரம் இருக்கு."

பிளாக்கை வெட்ட வேண்டியது பாண்டியண்ணன். போய் நின்றேன். எதற்கு என்று கேட்கவில்லை, வெட்டிக் கொடுத்தார்.

மூன்று விசில். மதியம் ஒன்றரைக்கு ஸ்லைடை எடுத்தேன். கண்ணாலேயே தெரிந்தது. கண்ட்ரோல் துண்டு டிகாஷன் நிறத்தில் இருந்தது. தேய்ந்துபோன அந்தப் பிளாக்குக்கு வயதெல்லாம் ஆகவில்லை. பக்கத்தில் நோயாளியின் துண்டும் அதே நிறம், ஓரம் முதல் ஓரம் வரை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதுகிறேன். ஒரு மாதமாக வராத நிறம் வந்துவிட்டது என்று அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அது யாருடைய சதை என்று உறைத்தது. ஸ்லைடைக் கீழே வைத்துவிட்டேன்.

சோம்பேறி வகை இல்லை. மற்றது.

மேடம் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார். "ஜூன் பதினொண்ணு, கண்ட்ரோல்ல டிக் இருக்கே."

"அன்னைக்குக் கொஞ்சம் வந்திருந்துச்சு மேடம்" என்றேன்.

அலமாரியிலிருந்து அந்தப் பழைய ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தட்டில் வைத்துவிட்டு, "நானும் பாத்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஜூன் மாதத்துப் பதினோரு கேஸையும் மறுபடி போடச் சொல்லியிருக்கிறார். எனக்கும் மெமோ உண்டு. சாயம் ஏற்றும் வேலையிலிருந்து என்னை மாற்றுவீர்களா என்று கேட்டேன். "மாத்தினா யாரு செய்வா? உங்கள விட்டா ஆள் இல்ல, அதுதான் எனக்கு இன்னும் கோபம்" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

பாண்டியண்ணனுக்குக் கொடுத்த மெமோவை வாபஸ் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"குக்கர் வெயிட்டா?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானும் தேடிப் பாத்திருப்பேம்லா. நீ யார்ட்டயும் கேக்க மாட்டியே."

டீ வரவில்லை.

ஜூலை 4, வியாழன்

உச்சிமாகாளியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டார். மூன்று வாரம்தான் தள்ளிப்போயிருக்கிறது, செப்டம்பர் வரை விட்டிருந்தால் கதை வேறு, இப்போதே ஆரம்பிக்கலாம் என்று சொன்னாராம். சாயத்தில் தவறு நடந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். நேராக என் ஜன்னலுக்கு வந்தார். காக்கிச் சட்டை இல்லை. சீப்பும் இல்லை.

"ஒட்டிட்டாம்லா" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"மொதல்ல ஏன் ஒட்டல?"

வெளியே வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விருந்து, வெயிட், கூடை. கடைசிவரை கேட்டார்.

"வெயிட்டு மாறிப்போச்சி, சரி. வீடுன்னா மாறத்தான் செய்யும். நான் ஒண்ணு கேக்கேன். காலைல பிள்ளையள ஏத்துமுன்ன வெறும் வண்டிய ஒருக்கா உருட்டி பிரேக்க மிதிச்சிப் பாப்பேன். முப்பத்தோரு வருசமாப் பாக்கேன். பிடிக்கலன்னா அன்னைக்கு வண்டி எடுக்க மாட்டேன், எவன் வந்து சொன்னாலும் சரி. ஒங்க வேலைல அப்படி ஒண்ணு கெடையாதாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்? மேடத்திடம் சொன்ன மாதிரி கொஞ்சம் வந்திருந்தது என்றும் சொல்லியிருக்கலாம். இந்த நோட்டிலேயே அப்படித்தானே எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு தடவை.

"உண்டு அண்ணாச்சி. நானும் பாத்தேன். பிடிக்கல. தெரிஞ்சிதான் டிக் போட்டேன்."

"ஏம்மா?"

"நாலு தடவ போட்டுச் சலிச்சிப் போச்சி. நீங்க வேற ஜன்னல்ல வந்து நின்னிய. ஒட்டாதுன்னு சொன்னிய. ஒட்டலன்னே இருக்கட்டும்னு தோணிச்சி."

எழுந்துகொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வார்டு பக்கம் நடந்தார். பெஞ்சில் அவருடைய ரிப்போர்ட் கவர் கிடந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஜூலை 5, வெள்ளி

ஜூன் பதினொன்றின் டிக் பொய் என்று மேடத்திடம் போய்ச் சொன்னேன். "தெரியும்" என்றார்.

ஜூலை 12, வெள்ளி

மற்ற பத்து கேஸும் முடிந்தன. எதிலும் மாற்றமில்லை. ஒருவர்தான். அந்த ஒருவர் திங்களன்று முதல் ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். என் ஜன்னல் பக்கம் வரவில்லை.

வீட்டில் சாதம் உதிரியாக வருகிறது. செல்வினுக்குத் திருப்தி. நான்தான் மூன்றாவது விசில் வரும்வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை.

ஜூலை 29, திங்கள்

காலை எட்டரை. கண்ட்ரோல் துண்டை மட்டும் ஒட்டிய ஸ்லைடு ஒன்றைத் தனியாக முதலில் ஓட்டுகிறேன், நான்கு வாரமாக. அது முடியாமல் எந்த நோயாளியின் ஸ்லைடையும் தொடுவதில்லை. நேரம் பிடிக்கிறது. ரிப்போர்ட் லேட் என்று மூன்று டாக்டர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும்.

பத்தே காலுக்கு ஜன்னலில் நிழல் விழுந்தது. உச்சிமாகாளி. இரண்டாவது ஊசிக்கு வந்திருக்கிறார். தலைமுடி கொட்டிவிட்டது, துண்டைக் கட்டியிருந்தார். கழுத்துக் கட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது. வேனை அவர் மச்சினன் ஓட்டுகிறானாம். அந்தச் சின்னப் பிள்ளை முதல் வாரம் முழுக்க அழுததாம், இப்போது ஏறிவிடுகிறதாம். எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு மிதிச்சிப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சி அண்ணாச்சி."

"பிடிக்கா?"

காலையில் ஓட்டிய கண்ட்ரோல் ஸ்லைடை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஸ்லைடைத் திரும்பக் கொடுத்துவிட்டு, "அடுத்த ஊசிக்கு வரும்போதும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.